பள்ளி எதிரே புகையிலைப் பாக்கு: யாரிடம் புகார் கொடுப்பது?

வணக்கம். எங்கள் தெருப் பள்ளிக்கு எதிரே, முப்பது அடிகூட இருக்காது, ஒரு பெட்டிக்கடை. மிட்டாய் பாட்டில்களுக்குப் பின்னால் குட்கா பொட்டலங்கள். கேட்பவருக்கு மட்டும் கடைக்காரர் கையை மூடி நீட்டுகிறார். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வாங்கியதை நேற்று என் கண்ணாலேயே பார்த்தேன்.

தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013 முதல் தடை. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் சிகரெட், பீடிகூட விற்கக்கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். அண்ணாச்சிக்குத் தெரியாமலா ஒளித்து வைக்கிறார்!

காவல் நிலையத்துக்குப் போவதா, உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் போவதா? புகார் கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: படம் எடுத்துத் தர வேண்டுமா? உங்கள் பெயர் வெளியே தெரிந்ததா? என் அம்மா தினமும் பால் வாங்குவது அந்தக் கடையில்தான், அதுதான் தயக்கம்.