கணிதப் பட்டத்துக்குக் கடன் வாங்கலாமா? கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மீதி ஒன்று:
இரண்டு கல்லூரிகளில் கணிதம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று நல்ல பெயர் உள்ளது, ஆனால் முழுச் செலவுக்கும் கடன் வாங்க வேண்டும். இன்னொன்று சுமார் ரகம். அங்கே உதவித்தொகை கிடைக்கும், கடனே வேண்டாம்.

தொகையைச் சொன்னால் பேச்சு வேறெங்கோ போய்விடும் என்பதால் மொத்தக் கடன் 100 என்று வைத்துக்கொள்கிறேன். மூன்று வருடப் படிப்பு. ஒவ்வொரு வருட ஆரம்பத்திலும் மூன்றில் ஒரு பங்கு வரும். வட்டி 10 சதவீதம். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை ஆரம்பம், பத்து வருடத்தில் முடிக்க வேண்டும். கணிதத் துறையில் சராசரி ஆரம்பச் சம்பளம் வருடத்துக்கு 180 என்று கல்லூரியின் தாள் சொல்கிறது. “கடனைவிடச் சம்பளம் அதிகம், அப்புறம் என்ன யோசனை?” என்கிறார் மாமா. எனக்குத் தூய கணிதம்தான் பிடிக்கும், முனைவர் பட்டம் வரை போகவும் ஆசை.

பகா எண்:
காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் ஆக்சுவரியாக (இழப்பு வரும் வாய்ப்பைக் கணக்கிடுகிற வேலை) இருக்கிறேன், அதனால் இந்த மாதிரிக் கேள்வியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

முதலில் அந்த 100. முதல் பங்குக்கு நான்கு வருட வட்டி, இரண்டாவதற்கு மூன்று, கடைசிப் பங்குக்கு இரண்டு. தனிவட்டி என்றாலே 30 ஏறிவிடும். ஆக, முதல் தவணை கட்டும்போது உங்கள் கடன் 130. மாதம் சுமார் 1.72, வருடத்துக்கு 20.6, பத்து வருடத்தில் மொத்தம் 206. தவணையைக் குறைக்கிறேன் என்று வங்கி 15 வருடத்துக்கு நீட்டினால் மாதம் 1.40தான் வரும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் மொத்தம் 251 கட்டுவீர்கள்.

அடுத்து அந்த 180. பத்துப் பேரில் இரண்டு பேர் பங்கு வர்த்தக நிறுவனத்துக்குப் போய் ஆளுக்கு 500 வாங்கி, மீதி எட்டுப் பேர் 100 வாங்கினாலும் சராசரி 180தான். கணிதத்தில் இந்தக் கோணல் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் ஒரே வகுப்பிலிருந்து பள்ளி ஆசிரியரும் வருவார், மென்பொருள்காரரும் வருவார், நிதித்துறைக்காரரும் வருவார். இடைநிலைச் சம்பளம், அதாவது எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது, எவ்வளவு என்று கேளுங்கள். அது 100 என்றால் வரிக்கு முன்பே ஐந்தில் ஒரு பங்கு தவணைக்குப் போகிறது.

எத்தனை பேரை வைத்து எடுத்த சராசரி என்றும் கேளுங்கள். மேற்படிப்புக்குப் போனவர்கள் இந்த மாதிரிக் கணக்கில் பெரும்பாலும் வரமாட்டார்கள். கல்லூரிகளை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் அமெரிக்கக் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில்கூடப் படித்துக்கொண்டிருப்பவர்களை வருமானக் கணக்கில் சேர்ப்பதில்லை. கணிதத்தில் நன்றாகப் படிக்கிறவர்களில் பலர் நேராக மேற்படிப்புக்குத்தான் போகிறார்கள்.

கல்லூரிப் பெயர் விஷயம்: வர்த்தக நிறுவனங்கள் பெயரைப் பார்க்கும், மறுக்க முடியாது. எங்கள் துறையில் நேர்முகத்துக்கு வருகிறவரிடம் நான் பார்ப்பது நிகழ்தகவு எவ்வளவு தெரியும், நிரல் எழுத வருமா என்பதைத்தான். நிகழ்தகவு, நிதிக் கணிதம் ஆகிய முதல் ஆக்சுவரித் தேர்வுகளை எந்தக் கல்லூரியில் இருந்துகொண்டும் எழுதலாம்.

சோம்பேறித் திசையன்:
தவணை உங்கள் சம்பளத்தைப் பார்த்து மாறுமா, மாறாதா? மற்றதெல்லாம் அப்புறம். ஆஸ்திரேலியா 1989இல் தொடங்கிய முறையில் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் திருப்பிக் கட்ட வேண்டும். இங்கிலாந்தில் இளநிலைக் கடனுக்கு வரம்புக்கு மேல் உள்ள வருமானத்தில் 9 சதவீதம். அப்படிப்பட்ட கடன் என்றால் நானே வாங்கச் சொல்வேன். நீங்கள் எழுதியிருப்பது வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டிய வகை மாதிரித் தெரிகிறது.

கரும்பலகை:
நான் பள்ளியில் கணக்கு வாத்தியார். வேலைக்குச் சேர்ந்தபோது என் சம்பளம் வகுப்பிலேயே கடைசி. கடன் இல்லாததால் அதைப் பற்றிக் கவலைப்படாமல் சேர முடிந்தது. என்னைவிட நன்றாகப் பாடம் நடத்தக்கூடிய நண்பன் ஒருவன் தவணைக்காக மென்பொருளுக்குப் போனான். அங்கே சந்தோஷமாகத்தான் இருக்கிறான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பி, உங்களுக்கு முனைவர் பட்ட ஆசை இருப்பதால் ஒரு விஷயம். பல இடங்களில் கணித ஆய்வுக்கு உதவித்தொகை கிடைக்கும், வகுப்பெடுத்தால் கட்டணமும் தள்ளுபடி ஆகும். ஆனால் இளநிலைக் கடனின் வட்டி அந்த வருடங்களிலும் ஓடும். இன்னும் ஐந்து வருடம் தள்ளிவைக்க வங்கி சம்மதித்தாலும் தனிவட்டியிலேயே 130 என்பது 180 ஆகிவிடும். மாமா சொன்ன அதே 180, கடன் பக்கத்தில். தள்ளிவைக்க விடுவார்களா என்பதை வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில் வாங்குங்கள்.

மீதி ஒன்று:
கடன் ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டேன். சம்பளத்தைப் பார்க்காத வகைதான், ஆய்வுக்குத் தள்ளிவைப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. படிக்கும்போதே டியூஷன் எடுத்து வட்டியை மட்டும் கட்டிவந்தால் எவ்வளவு மிச்சம்?

பகா எண்:
30ஐ அப்போதைக்கப்போது கட்டிவிட்டால் தவணை 1.32 ஆக இறங்கும். எல்லாம் சேர்த்து 189, அதாவது 17 மிச்சம். வாங்குவதாக இருந்தால் அப்படிச் செய்யுங்கள். ஒப்பந்தத்தில் வட்டி நிலையானதா, மாறக்கூடியதா என்றும் பாருங்கள். படிக்கும்போது எதுவும் கட்டாமல் விட்டு, ஆரம்பத்திலிருந்தே 11 சதவீதம் என்று வைத்தால் தவணை 1.83.

ஆனால் தூய கணிதம், அதற்குமேல் ஆய்வு என்றால் நான் உதவித்தொகைக் கல்லூரியைத்தான் எடுப்பேன். அங்கே தூய கணிதத்தின் அடிப்படைப் பாடங்களான மெய்ப்பகுப்பாய்வும் இயற்கணிதமும் யார் நடத்துகிறார்கள், போன வருடம் முடித்தவர்களில் யாராவது ஆய்வுக்குப் போனார்களா என்று துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.