வில்லா பார்க்கில் ஒரு மண்டகப்படி: பிளாக் சபாத் சொந்த ஊர்க் கச்சேரி அனுபவங்கள்

குவாத்ர் போர்ன், மொரீஷியஸ்

சொல்றேன் சொல்றேன்னு நாளைக் கடத்திட்டே இருந்தேன். இன்னிக்குப் பள்ளிக்கூடம் லீவு, எழுதிடறேன். நீளமா வரும், பொறுத்துக்குங்க.

2025 பிப்ரவரி 5. பிளாக் சபாத்ங்கற மெட்டல் இசைக்குழுவோட நாலு பேரும் கடைசியா ஒரே ஒரு தடவை சேர்ந்து மேடையேறப் போறாங்க, அதுவும் பிறந்த ஊரான பர்மிங்ஹாம்ல, வில்லா பார்க் மைதானத்துல, ஜூலை 5ன்னு செய்தி வந்துச்சு. நான் அப்போ காவடி விரதத்துல இருந்தேன். எங்க ஊர்ல கொடியேத்தத்துல இருந்து தைப்பூசம் வரை பத்து நாள். மாமிசம் கிடையாது, மது கிடையாது, எங்கம்மா சட்டப்படி ‘பேய்ப் பாட்டு’ம் கிடையாது. போனை எடுத்துக்கிட்டுக் குளியலறைக்குள்ள போய்ச் செய்தியை மூணு தடவை படிச்சேன். பாடற ஆஸி ஆஸ்போர்ன், கிடார் டோனி ஐயோமி, பேஸ் கிடார் கீசர் பட்லர், டிரம்ஸ் பில் வார்ட். இந்த நாலு பேரும் சேர்ந்து வாசிச்சது கடைசியா 2005ல. 2017 பிப்ரவரியில இதே பர்மிங்ஹாம்ல விடைபெறும் கச்சேரின்னு ஒண்ணு நடந்துச்சே, அதுல பில் வார்ட் இல்லை. ஒரு தூண் இல்லாத மண்டபம் மாதிரி எனக்கு அது எட்டு வருஷமா உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

11ஆம் தேதி பால்செம்பு எடுத்துக்கிட்டுக் கோர் த கார்த் மலைக்கோயில் படி ஏறினேன். முருகன்கிட்ட என்ன கேட்டிருப்பேன்னு உங்களுக்கே தெரியும். 14ஆம் தேதி டிக்கெட் விற்பனை. இங்கிலாந்துல கிராலியில இருக்குற என் அத்தை மகன் ரெண்டு போன், ஒரு மடிக்கணினின்னு கடை பரப்பி உட்கார்ந்து எப்படியோ ஒண்ணு வாங்கிட்டான். நிமிஷக் கணக்குல அத்தனையும் வித்துப்போச்சு. விலையை இங்க எழுத மாட்டேன். எங்கம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.

அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: “வௌவாலைக் கடிச்சவர் கச்சேரிக்கா?” 1982 ஜனவரியில, அமெரிக்காவுல டெ மாய்ன்ங்கற ஊர்ல, யாரோ மேடையில தூக்கிப் போட்டதை ஆஸி ரப்பர் பொம்மைன்னு நெனைச்சுக் கடிச்சுட்டாராம்னு விளக்கம் சொன்னேன். “பொம்மைன்னு நெனைச்சுக் கோழி தின்னா விரதம் முறியாதா?”ன்னுட்டுப் போயிட்டாங்க. ஆனா கிளம்புற அன்னைக்குப் பைக்குள்ள விபூதிப் பொட்டலம் இருந்துச்சு.

பயணக் கதை சுருக்கமா. நமக்கு பிரிட்டனுக்கு விசா வேண்டாம், ஆனா 2025 ஜனவரியில இருந்து இ.டி.ஏ.ன்னு ஒரு மின் அனுமதி வாங்கணும். நான் போனப்ப 16 பவுண்டு, போன்லயே முடிஞ்சுது. மூணு மாசம் முன்னாடியே பதிவு பண்ணின தங்குமிடம் கச்சேரிக்கு ரெண்டு நாள் முன்னாடி ‘பராமரிப்பு வேலை’ன்னு கைவிரிச்சுட்டாங்க. அன்னைக்கே அதே அறை வேற விலையில விற்பனைக்கு வந்ததையும் பார்த்தேன். பேர் வேண்டாம், வயிறு எரியும். கடைசியில அத்தை மகனோட நண்பன் வீட்டுச் சோபாதான் கதி.

சனிக்கிழமை காலையில நியூ ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துல இறங்கினா, உள்ளேயே பத்து மீட்டர் உயர இயந்திரக் காளை தலையை ஆட்டிக்கிட்டு நிக்குது. 2022 காமன்வெல்த் போட்டித் தொடக்க விழாவுக்குச் செஞ்சது. ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு அதுக்கு வெச்ச பேரு ஆஸி. காளைக்குக் கீழ கறுப்புச் சட்டைக் கூட்டம். ஜப்பான், பிரேசில், மெக்சிகோக் கொடிகள். மொரீஷியஸ் கொடி என் தோள்ல ஒண்ணுதான். ‘இது எந்த நாடு?’ன்னு ஏழெட்டுப் பேர் கேட்டிருப்பாங்க.

பிராட் ஸ்ட்ரீட் கால்வாய்ப் பாலத்துக்கு இப்ப பிளாக் சபாத் பாலம்னுதான் பேரு, அங்க நாலு பேர் முகமும் வெச்ச ஒரு பெஞ்சு இருக்கு. அதுல உட்கார முக்கால் மணி நேர வரிசை. நான் உட்காரல, ஓரமா நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு ஆஸ்டனுக்குக் கிளம்பிட்டேன். எனக்குப் பார்க்க வேண்டியது லாட்ஜ் ரோடு. ஆஸி வளர்ந்த தெரு. ஒட்டி ஒட்டிக் கட்டின சின்னச் சின்னச் செங்கல் வீடுங்க. அதுல ஆறு பிள்ளைங்க வளர்ந்திருக்காங்க. இன்னிக்கு அந்தப் பக்கமெல்லாம் பெரும்பாலும் நம்ம பக்கத்து முகங்கள்தான், பாகிஸ்தான், வங்காளதேசம். ஒரு கடை வாசல்ல சுடச்சுடச் சமோசா போட்டுக்கிட்டிருந்த பெரியவர் என் சட்டையில இருந்த மண்டையோட்டைப் பார்த்துட்டு, ‘இன்னிக்கு யார் ஆட்டம்?’னு கேட்டார். ஆட்டம் இல்லை, கச்சேரின்னேன். ‘ஓ, அந்தப் பையன்!’னார். எழுபத்தாறு வயசு மனுஷனைப் பையன்னு சொல்ற ஊர்.

ஆஸி சின்னப் பையனா இருந்தப்ப, வில்லா பார்க்ல பந்தாட்டம் நடக்குற நாள்ல வெளியே நிக்குற கார்களுக்குக் காவல் இருந்து சில்லறை சம்பாதிச்சதை அவரே பல தடவை சொல்லியிருக்கார். அந்தத் தெருக்கள் வழியாத்தான் நடந்து போனேன். கார் நிறுத்த இடமில்லாம ஜனங்க திண்டாடிக்கிட்டு இருந்தாங்க, காவலுக்குத்தான் பையன் இல்லை.

மதியம் ஒரு மணிக்கு ஆரம்பம். முதல்ல மாஸ்டடான். அப்புறம் ரைவல் சன்ஸ், ஆந்த்ராக்ஸ், ஹேல்ஸ்டார்ம், லேம்ப் ஆஃப் காட், ஆலிஸ் இன் செயின்ஸ், கோஜிரா, பன்டேரா, டூல், ஸ்லேயர், கன்ஸ் அன் ரோஸஸ், மெட்டாலிகா. மேடை சுழலும், ஒரு குழு முன்னால வாசிக்கும்போதே அடுத்த குழுவோட சாமான் பின்னால தயாராகிடும், அதனாலதான் இத்தனை பேரை ஒரே நாள்ல அடைக்க முடிஞ்சுது. இசைப் பொறுப்பு முழுக்க கிடார்காரர் டாம் மொரெல்லோ. இவங்க ஒவ்வொருத்தரும் தங்கள் பாட்டோட சபாத் பாட்டோ ஆஸி பாட்டோ ஒண்ணாவது வாசிச்சாங்க. எனக்குச் சட்டுனு தோணினது மண்டகப்படிதான். கோயில் திருவிழாவுல இன்னிக்கு இந்த வகையறா, நாளைக்கு அந்த வகையறான்னு முறை வெச்சு உபயம் பண்ணுவாங்களே, அதே கதை. தனித்தனியா மைதானம் நிறைக்கிற ஆளுங்க எல்லாம் தங்கள் தட்டைக் கொண்டுவந்து வெச்சுட்டு ஒதுங்கி நிக்கறாங்க, சாமி இன்னும் புறப்படலை. வசூல் பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கும் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனைக்கும் தீராத நோயுள்ள குழந்தைகளைப் பார்த்துக்கிற ஏக்கார்ன்ஸ் இல்லத்துக்கும்.

என் பக்கத்துல நின்னவர் லாங்பிரிட்ஜ் கார் ஆலையில வேலை பார்த்து, 2005ல அது மூடினப்ப வெளியே வந்தவர். அவர் பேசுற ஆங்கிலத்துல பாதிதான் எனக்குப் புரிஞ்சுது. ஸ்லேயர் வந்தப்ப நான் காதைப் பொத்தறதைப் பார்த்துட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு ஜோடி மஞ்சள் பஞ்சு எடுத்து நீட்டினார். ஆலையில போடறதாம். ‘இதைப் போட்டாத்தான் பாட்டே கேட்கும்’னார். உண்மைதான், இரைச்சல் வடிஞ்சு கிடார் தனியாத் தெரிஞ்சுது.

மெட்டாலிகா முடிஞ்ச பிறகு ஆஸி வந்தார். வந்தார்னு சொல்றதே தப்பு. மேடைக்குள்ளிருந்து ஒரு கறுப்புச் சிம்மாசனம் மேல எழும்புது, உச்சியில வௌவால், நடுவுல அவர். 40,000 பேருக்கு மேல இருந்த கூட்டம். ஒரு விநாடி சத்தமே இல்லை, அப்புறம்தான் வெடிச்சுது. பார்க்கின்சன் இருக்குறதா 2020லயே சொல்லிட்டாரு. நிக்க முடியாது. கண்ணுக்கு வழக்கம்போல மை. பெரிய திரையில எனக்குக் கண்ணை எடுக்க முடியாதது அவர் கைங்கதான். ரெண்டு கைப்பிடியையும் அழுத்திப் பிடிச்சு எழுந்திருக்கப் பார்க்கிறார், முட்டி வரை தூக்கறார், உடம்பு கேட்கலை, உட்காந்துடறார். அடுத்த பாட்டுல மறுபடி. ஆறு வருஷமாப் படுத்துக் கிடந்தேன், என் மனசு உங்களுக்குத் தெரியாதுங்கற மாதிரி ஏதோ சொன்னார். மனைவி ஷாரனை நினைச்சு வீட்டுக்கு வரேன்னு பாடற அந்த மெதுவான பாட்டுல குரல் உடைஞ்சுது. மிச்சத்தை மைதானம் பாடிச்சு. லாங்பிரிட்ஜ்காரர் பாடலை. தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு நின்னார்.

அது ஆஸியோட தனிக் கச்சேரி. அப்புறம் சைரன் ஊளையிட நாலு பேரும். ‘வார் பிக்ஸ்’, ‘என்.ஐ.பி.’, ‘அயர்ன் மேன்’, ‘பாரனாய்ட்’. நாலே நாலு. பில் வார்ட் பாதியில சட்டையைக் கழட்டிட்டு வாசிச்சார், அந்த வயசுல! டோனி ஐயோமி வலது கை திரையில வந்தப்பதான் எனக்குத் தொண்டை அடைச்சுது. பதினேழு வயசுல, தகடு வெட்டுற ஆலையில, வேலைக்குக் கடைசி நாள்ல நடுவிரல், மோதிர விரல் நுனி ரெண்டும் போச்சு. பாத்திரம் கழுவுற திரவ பாட்டிலை உருக்கித் தானே தொப்பி செஞ்சு போட்டுக்கிட்டார். விரல் தாங்கணும்னு மெல்லிசான தந்தி, பின்னால தந்தியைத் தளர்த்தி சுருதியையும் இறக்கினார். இன்னிக்கு உலகம் முழுக்க மெட்டல்னா கேட்கிற அந்த அடிவயிற்றுச் சத்தத்துல இந்த விபத்துக்கும் பங்கு உண்டு. எங்க தாத்தாவும் ஆலைக்காரர், கரும்பாலை. அறுவடைக் காலத்துல ராத்திரி பூரா அவங்க லைன் வீட்டுக்கு உருளைச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்னு சொல்வார்.

வாணவேடிக்கையோட முடிஞ்சுது. உள்ளே டீ-ஷர்ட் வரிசையில என் அளவு தீர்ந்துபோனதால வெளியே தெருவுல ஒருத்தர்கிட்ட 15 பவுண்டுக்கு ஒண்ணு வாங்கினேன். அதுதான் அந்த நாளோட ஒரே தப்பு.

ஜூலை 22 ராத்திரி பத்து மணிக்கு மேல அத்தை மகன் கூப்பிட்டான். வழக்கமா அந்நேரம் கூப்பிடற ஆள் இல்லை. ‘ஆஸி போயிட்டார்டா.’ பதினேழே நாள். கூடத்துல அம்மா சீரியல் சத்தத்தைக் குறைச்சுட்டு, “நீ பார்த்துட்டு வந்தியே, அவரா?”ன்னாங்க. ஆமான்னேன். டிவியை அணைச்சுட்டாங்க.

சாட்ஸ்வொர்த், டர்பன்

தம்பி, கண்ணு கலங்கிடுச்சு. என் தமிழ் ஞாயித்துக்கிழமை வகுப்புத் தமிழ், பிழை இருந்தா மன்னிக்கணும். உங்களுக்கு பிரிட்டன் போக விசா வேண்டாம், எங்களுக்கு 2009ல இருந்து வேணும். விரல் ரேகை, வங்கிக் கணக்கு, அத்தனை காகிதம். அதனால நான் வீட்டுல இருந்தே நேரலையில பார்த்தேன். ரெண்டு மணி நேரம் தாமதிச்சு ஒளிபரப்பினாங்க. எங்களுக்கு நாலு மணிக்கு ஆரம்பிச்சது, நடுராத்திரி தாண்டி முடிஞ்சது. பையனும் நானும் பன்னி சௌ (குடைஞ்ச ரொட்டிக்குள்ள பீன்ஸ் கறி) வாங்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்தோம்.

ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். நீங்க டோனி கையைப் பார்த்து அழுதீங்க. எங்க அண்ணன் 1987க்குப் பிறகு அந்தக் கையைப் பார்க்கவே மாட்டேன்னவர். அந்த வருஷம் சபாத் சன் சிட்டிக்கு வந்து வாசிச்சாங்க. போபுதட்ஸ்வானான்னு தென்னாப்பிரிக்க வெள்ளை அரசாங்கம் வரைஞ்ச பொய்த் தேசத்துக்குள்ள இருந்த கேளிக்கை ஊர் அது. நிறவெறி ஆட்சி, யாரும் போகாதீங்கன்னு உலகமே புறக்கணிச்சிருந்த காலம். ஆஸி, கீசர், பில் யாரும் அப்போ குழுவுல இல்லை, டோனி மட்டும்தான். டிரம்ஸ்காரர் பெவ் பெவன் வர மாட்டேன்னுட்டார், அவருக்குப் பதிலா டெர்ரி சைம்ஸ் வந்தார். எங்க அண்ணன் கேசட்டையெல்லாம் முருங்கை மரத்தடியில போட்டுக் கொளுத்தினார். எங்களையெல்லாம் சட்டம் போட்டுக் கிளப்பிக் கொண்டுவந்து கொட்டின இடம் சாட்ஸ்வொர்த், தம்பி. அவர் கோபம் அவருக்கு.

அன்னைக்கு ராத்திரி அண்ணனும் வந்து பின்னால நாற்காலியில உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசலை. பில் வார்ட் சட்டையைக் கழட்டினப்ப மட்டும் சிரிச்சார். டோனி தனியா வாசிச்ச இடத்துல தண்ணி குடிக்க எழுந்து போயிட்டார். தாகமா, கோபமான்னு நான் கேட்கலை.

யாங்கோன்

அண்ணே, அக்கா, எங்க கதை கொஞ்சம். இங்க அந்த நேரலை ராத்திரி எட்டரைக்கு. மின்சாரம் முறை வெச்சுத்தான் வரும், அதனால நண்பன் வீட்டு மாடியில பேட்டரி, இன்வெர்ட்டர் வெச்சு அஞ்சு பேர். மெட்டாலிகா நடுவுல இணையம் போச்சு. திரும்பி வந்தப்ப ஆஸி சிம்மாசனத்துல இருக்கார், எழும்பி வந்த காட்சியைத் தவற விட்டுட்டோம். முடியறப்ப வெளியே விடியல், கீழ டீக்கடை திறந்துட்டாங்க.

நாங்கெல்லாம் மெட்டல் கத்துக்கிட்டது அயர்ன் கிராஸ்ங்கற எங்க ஊர் இசைக்குழுகிட்ட. லே ஃப்யூ குரல், சிட் சான் மவுங் கிடார். மேல்நாட்டு மெட்டு பலதும் எங்களுக்கு முதல்ல பர்மியச் சொல்லோடதான் காதுக்கு வந்துச்சு. மூலத்தைப் பின்னால கேட்டப்ப ‘இவங்க நம்ம பாட்டைத் திருடிட்டாங்களே’ன்னு எங்க தெருப் பையன் ஒருத்தன் நிஜமாவே சண்டைக்குப் போனான். அண்ணே, அந்த மஞ்சள் பஞ்சு எங்க கிடைக்கும்?

குவாத்ர் போர்ன், மொரீஷியஸ்

தம்பி, கட்டடச் சாமான் கடையில கேளு, தச்சர்கள் போடறது. விலை மலிவுதான். அடுத்த கச்சேரிக்குப் போட்டுக்கிட்டுப் போ, எனக்கு இன்னும் வலது காதுல ‘ஙொய்’ங்குது.

அக்கா, 1987 விஷயம் எனக்குத் தெரியும். நீங்க எழுதினதைப் படிச்சதுக்கு அப்புறம் என் பதிவுல அந்த வரியைத் திருத்தலாமான்னு பார்த்தேன். திருத்தலை. அழுதது அழுததுதான். உங்க அண்ணன் தண்ணி குடிக்கப் போனதும் சரிதான்.

சாட்ஸ்வொர்த், டர்பன்

சரி தம்பி. டிசம்பர்ல நாங்க குடும்பத்தோட உங்க ஊருக்கு வரோம், அதுக்கு எங்களுக்கு விசா வேண்டாம்! அண்ணனும் வரார். அந்தத் தெருக்கடை டீ-ஷர்ட்டைப் பார்க்கணுமாம்.

குவாத்ர் போர்ன், மொரீஷியஸ்

வாங்க வாங்க. அம்மா ஏழு கறி போட்டு இலை போடுவாங்க. டீ-ஷர்ட்டை முதல் சலவையிலயே எழுத்தெல்லாம் உரிஞ்சுபோச்சு, அக்கா. வௌவால்ல ஒரு றெக்கை மட்டும் மிச்சம்.