முஷ்டாக் அலி கோப்பையை நகர அணிகளுக்குக் கொடுத்தா மதுரைக்கு என்ன கிடைக்கும்?

சிந்தாமணி ரோடு:
நேரா விஷயத்துக்கு வர்றேன். சையது முஷ்டாக் அலி கோப்பைங்கிற உள்நாட்டு டி20 போட்டியை மாநில அணிகள்கிட்ட இருந்து வாங்கி நகர அணிகளுக்குக் கொடுக்கணும். இப்போ அதை யாரு பார்க்கிறா? ஐபிஎல் ஏலத்துக்கு ஆள் பொறுக்க வர்றவங்களும் ஆடுறவங்களோட அப்பா அம்மாவும்தான். மொத்தம் 38 அணி. மகாராஷ்டிராவுக்கு மும்பை, விதர்பாவையும் சேர்த்து மூணு. குஜராத்துக்கு பரோடா, சௌராஷ்டிராவையும் சேர்த்து மூணு. நமக்கு ஒண்ணே ஒண்ணு. 2021 நவம்பர்ல டெல்லியில ஃபைனல், நமக்குக் கடைசிப் பந்துக்கு அஞ்சு ரன் வேணும், நம்ம தமிழ்நாட்டு பேட்டர் ஷாருக் கான் சிக்ஸ் அடிச்சு கர்நாடகாவை முடிச்சார். அந்த ஆட்டத்தை உங்க தெருவுல எத்தனை பேர் பார்த்தாங்க? மதுரை, கோவை, நாக்பூர், இந்தூர்னு அணி வரட்டும். முதலாளி காசு போடட்டும், ஊர்க்காரன் கொடி பிடிக்கட்டும். ஊர்ப் பேர்ல அணி வச்சு ஆடுற நம்ம தமிழ்நாடு பிரீமியர் லீக், அதான் டிஎன்பிஎல், 2016-லேயே வழி காட்டிருச்சு.

மாட்டுத்தாவணி 77:
எனக்குக் காட்டுன வழி நத்தம் வழிதான் அண்ணே. 2018-ல டிஎன்பிஎல்-ல மதுரை பேந்தர்ஸ் கப்பு அடிச்சாய்ங்கள்ல, அந்த சீசன்ல மதுரைக்குள்ள ஒரு மேட்ச் நடந்துச்சா? ஃபைனல் சேப்பாக்கத்துல. பக்கத்துல பாக்கணும்னா நத்தம் காலேஜ் கிரவுண்டு. அது திண்டுக்கல் டீமோட வீடு. சொந்த ஊரு டீமைப் பாக்க அடுத்த ஊரு வீட்டுக்கு விருந்தாளியாப் போகணும். நானும் மச்சினனும் போனோம். அப்ப பறக்கும் பாலமெல்லாம் கிடையாது, புழுதியத் தின்னுக்கிட்டே போய்ச் சேர்ந்தோம். மேட்ச் முடிய பத்தே முக்கால். கடைசி பஸ்ஸு போயிருச்சு. மாங்கா ஏத்துன மினி லாரிக்காரர் ஒருத்தர் பாவம் பாத்து ஏத்திக்கிட்டாரு. பெட்டி மேல உக்காந்து வந்தோம். வீட்டுல இறங்குறப்ப சட்டையெல்லாம் பால் கறை. இதுதான் நான் பாத்த 'நகர அணி'.

சிந்தாமணி ரோடு:
மாங்காய்ப் பாலுக்கு நான் பொறுப்பில்லை தம்பி. மைதானம் இல்லாத காலத்துக் கதை அது. 2025 அக்டோபர்ல தோனி வந்து சிந்தாமணியில ஸ்டேடியத்தைத் திறந்து வச்சுட்டுப் போயாச்சு. இனி அந்தச் சாக்கு செல்லாது. அதே 2018 பேந்தர்ஸ்ல இருந்து ஒருத்தர் வந்தாரே, வருண் சக்கரவர்த்தி, அவரை மறந்துட்டீங்களா? ஆர்க்கிடெக்ட் வேலையை விட்டுட்டு வந்தவர். ஆகஸ்டுல கப்பு, டிசம்பர்ல ஐபிஎல் ஏலத்துல 8.4 கோடி. மாநில அணி ஒண்ணு மட்டும் இருந்திருந்தா அவர் இன்னும் எங்கேயோ பிளான் வரைஞ்சுக்கிட்டு இருப்பார்.

ஆஃப் ஸ்பின் வாத்தியார்:
இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வலையில் பந்து போடச் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன். வருண் நல்ல உதாரணம், ஆனால் உங்களுக்கு எதிரான உதாரணம். அவர் சென்னையில் வளர்ந்தவர். மதுரைப் பேரைப் போட்ட சட்டை அவருக்கு உதவியது, சரி. மதுரைப் பையனுக்கு அதில் என்ன கிடைத்தது? டிஎன்பிஎல்லில் எட்டு அணி என்றால் எட்டு ஊருக்கு வாய்ப்பு என்று நினைக்கிறோம். நடப்பது என்ன? சென்னை லீக்கின் முதல் டிவிஷனில் ஆடுகிற அதே ஆட்களை எட்டாகப் பிரித்து எட்டு வண்ணச் சட்டை போடுகிறார்கள்.

வேகப்பந்து வீச்சாளர் நடராஜனையும் இங்கே யாராவது இழுப்பீர்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2016-ல் திண்டுக்கல் அணிக்காகச் சூப்பர் ஓவரில் ஆறு பந்தும் யார்க்கர் போட்டார், அடுத்த வருஷம் ஐபிஎல் ஏலத்தில் 3 கோடிக்குப் போனார், உண்மைதான். ஆனால் 2015 ஜனவரியிலேயே தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆடிவிட்டார். சின்னப்பம்பட்டியிலிருந்து அவரைக் கொண்டுவந்து லெதர் பந்தைக் கையில் கொடுத்தது சென்னை லீக். டிஎன்பிஎல் அவரை டிவியில் காட்டியது. ஆளை உருவாக்குவது ஒன்று, காட்டுவது வேறொன்று.

லீட்ஸ் தமிழன்:
கே.புதூர்ல பிறந்து இப்போ லீட்ஸ்ல குளிர்ல கிடக்கிறவன் எழுதுறேன். நீங்க பேசுற சோதனையை இங்கே ஏற்கெனவே பண்ணிட்டாங்க. இங்கிலாந்துல 18 கவுண்டி அணி, நம்ம மாநில அணி மாதிரி, எல்லாம் டி20 ஆடுது. 2021-ல அதுக்கு மேல எட்டு நகர அணி வச்சு ஹண்ட்ரட்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அணிக்கு நூறு பந்து. 2025-ல பங்கை வித்தாங்க. எங்க லீட்ஸ் அணியை முழுசா வாங்கினது யார் தெரியுமா? நம்ம சன் குழுமம், கிட்டத்தட்ட 100 மில்லியன் பவுண்டுக்கு. 2026-ல இருந்து பேரு சன்ரைசர்ஸ் லீட்ஸ். கடன்ல இருந்த யார்க்‌ஷயருக்கு மூச்சு வந்துச்சு, அதை மறைக்க மாட்டேன்.

இன்னொரு பக்கமும் இருக்கு. சாமர்செட்னு ஒரு கவுண்டி, டவுன்டன்ங்கிற சின்ன ஊர்ல ஆடுறாங்க. நம்ம திருமங்கலம் மாதிரி வச்சுக்கோங்க. 2023-லயும் 2025-லயும் கவுண்டிகள் ஆடுற டி20 பிளாஸ்ட் கோப்பை அவங்களுக்குத்தான். ஹண்ட்ரட்ல அவங்க ஊருக்கு அணி கிடையாது. 'நகரம்'னு எவனாவது சொன்னா அது பெரிய நகரம்தான். ஆஸ்திரேலியாவிலும் 2011-ல ஆறு மாநில அணியை எட்டு நகர அணியாக்கினாங்க. புது ஊர் ஏதாவது வந்துச்சா? சிட்னிக்கு ரெண்டு, மெல்போர்னுக்கு ரெண்டு, மிச்சம் அதே பழைய தலைநகரங்கள். இந்தியாவுல வந்தா சென்னைக்கு ரெண்டு கிடைக்கும். மதுரை வெயிட்டிங் லிஸ்ட்.

சிந்தாமணி ரோடு:
லீட்ஸ் சார், மெல்போர்ன்ல கூட்டம் வந்துச்சா இல்லையா? அதையும் சொல்லுங்க.

லீட்ஸ் தமிழன்:
வந்துச்சு. ஸ்கூல் லீவுல, சாயங்காலம், குடும்பத்தோட. ஒத்துக்கிறேன். தென்னாப்பிரிக்காவையும் பாருங்க. 2004-ல மாகாணங்களை ஆறு ஃபிரான்சைஸா மடக்கினாங்க. 2021-ல அதைக் கலைச்சுட்டு மறுபடி 15 மாகாண அணிக்கே போனாங்க. ஆறு அணின்னா ஆட இடம் கம்மி, அவ்வளவுதான் கணக்கு. அப்புறம் 2023-ல எஸ்ஏ20ன்னு ஒரு டி20 லீக் ஆரம்பிச்சு வியாபாரத்தைத் தனியா வச்சுக்கிட்டாங்க. கடையை வாசல்ல போடு, அடுப்பை எடுக்காதேங்கிற ஏற்பாடு.

புதூர் அக்கா:
இந்தத் தம்பிங்க எல்லாம் முதலாளின்னாலே பயப்படுறீங்க. அலங்காநல்லூர்ல காளை அவுக்குறப்போ மைக்ல என்ன சொல்றாங்க? முதல்ல மாட்டுக்காரர் பேரு, கூடவே ஊர்ப் பேரு. முதலாளி பேரைச் சொன்னா ஊருக்குக் கௌரவம் குறைஞ்சா போயிருச்சு? காசு போடுறவர் பேரு இருக்கட்டுமே.

மாட்டுத்தாவணி 77:
அக்கா, அந்த மாடு அந்த ஊருலதான் புல்லு திங்குது! மதுரை டீமு எங்க புல்லு திங்குது? காரைக்குடி காளைன்னு ஒரு டீம் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? இப்ப அது திருப்பூரு, 2025 கப்பும் அதுதான். தூத்துக்குடி டீமு 2016-ல முதக் கப்ப வாங்குச்சு, அப்புறம் சேலமா மாறிருச்சு. காஞ்சிபுரம் நெல்லையாச்சு. ஜவுளிக்கடை போர்டு மாத்துற மாதிரி மாத்துறாய்ங்க. காரைக்குடியில கொடி பிடிச்ச பய இப்ப எந்தக் கொடியப் பிடிப்பான்? மாநில டீமு தோத்தாலும் அங்கனேதான் இருக்கும். நாளைக்குத் தமிழ்நாடு டீம யாராவது வாங்கி ஒடிசான்னு பேரு வைக்க முடியுமா?

புதூர் அக்கா:
புல்லு விஷயம் ஒத்துக்கிறேன். நல்லாத்தான் மடக்குனீங்க. ஆனா பசங்களுக்குச் சம்பளம்னு ஒண்ணு இருக்குல்ல. சாய் சுதர்சனை 2023-ல கோவை அணி ஏலத்துல எடுத்தது 21.6 லட்சத்துக்கு. அதே வருஷம் ஐபிஎல்ல குஜராத் கொடுத்தது 20 லட்சம். டிஎன்பிஎல் விலை அதிகம்! இந்தக் காசை மாநிலச் சங்கம் ஒரு பையனுக்குக் கொடுத்திருக்குமா?

வாடிப்பட்டி லெஃப்ட் ஆர்ம்:
வணக்கம் அண்ணன்களுக்கு, அக்காவுக்கு. நான் ஆடுறவன், அதனால கொஞ்சம் சொல்லிக்கிறேன். ஞாயித்துக்கெழமை டென்னிஸ் பந்து டோர்னமென்ட் தான் எங்களுக்குக் கிரிக்கெட். உசிலம்பட்டி, மேலூர், எங்க கூப்பிட்டாலும் போவோம். ஜெயிச்சா பணம், சில ஊர்ல கிடா. ஒரு நல்ல லெதர் பந்து வாங்குற காசுல எங்க டீமுக்கு ஒரு மாசம் டென்னிஸ் பந்து ஓடும். போன வருஷம் ஒரு செலக்‌ஷனுக்குப் போனேன். எந்த ஊர்னு சொல்லல. ஆறு பந்து போடச் சொன்னாங்க, நாலாவது பந்துல சாரு போன் பேசப் போயிட்டாரு. அந்த நாலுல ரெண்டு ஸ்டம்புக்குத்தான் போச்சு. நீங்க மாநில டீமு வைங்க, நகர டீமு வைங்க. போன் பேசாத ஒரு சார வைங்க.

சிந்தாமணி ரோடு:
தம்பி, அதுக்குத்தான் நகர அணி கேக்குறேன். முதலாளிக்கு ஜெயிக்கணும், அவன் அனுப்புற ஸ்கவுட்டு போன் பேசிக்கிட்டு இருக்க மாட்டான்.

ஆஃப் ஸ்பின் வாத்தியார்:
ஸ்கவுட் வாடிப்பட்டிக்கு வரமாட்டார், ஐயா. சேப்பாக்கத்துக்கு வருவார், ஏனென்றால் அங்கே ஏற்கெனவே வடிகட்டி வைத்திருக்கிறார்கள். என் கட்சி இதுதான்: முஷ்டாக் அலி மாநிலத்திடமே இருக்கட்டும். அணி கூட வேண்டுமென்றால், மகாராஷ்டிராவுக்கு மூன்று இருப்பதுபோல நமக்கும் தெற்கில் ஒன்று கேளுங்கள், மதுரையைத் தலைமையாக வைத்து. டிஎன்பிஎல் வியாபாரமாகவே நடக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் மதுரைப் பேரைப் போடுகிற அணி வருஷத்துக்கு மூன்று ஆட்டமாவது மதுரையில் ஆட வேண்டும். மாவட்டங்களுக்கு இடையேயான ஸ்ரீராமன் கோப்பையில் இந்தப் பக்கத்து மாவட்டங்களுக்கு ஆடியவர்களில் நாலு பேரையாவது எடுக்க வேண்டும். அதை எழுத்தில் வாங்காமல் 'ஊர்க்காரன் கொடி பிடிப்பான்' என்பது கொடி விற்கிறவருக்கு மட்டும்தான் லாபம்.

சிந்தாமணி ரோடு:
தெற்குக்குத் தனி மாநில அணியா! என்னைவிடப் பெரிய ஆசை உங்களுக்குத்தான் வாத்தியாரே. வாரியம் கொடுக்குமா?

ஆஃப் ஸ்பின் வாத்தியார்:
கொடுக்காது. உங்களுக்கு நகர அணி கொடுப்பதைவிடக் கொஞ்சம் சீக்கிரம் கொடுக்கலாம்.

மாட்டுத்தாவணி 77:
ரெண்டும் வர்றதுக்குள்ள நத்தம் பஸ்ஸுக்கு ராத்திரி ஒரு ட்ரிப் சேத்து விடச் சொல்லுங்கப்பா.

ஆஃப் ஸ்பின் வாத்தியார்:
வாடிப்பட்டித் தம்பி, லெதர் பந்து எத்தனை நாள் போட்டிருக்கிறாய்?

வாடிப்பட்டி லெஃப்ட் ஆர்ம்:
அந்த ஆறு பந்துதான் சார். சனிக்கெழமை வலைக்கு வரலாமா? வெள்ளை டிரஸ் கட்டாயமா?

ஆஃப் ஸ்பின் வாத்தியார்:
வலைக்குத் தேவையில்லை. செலக்‌ஷனுக்கு வேண்டும். என்னிடம் பழைய பேன்ட் ஒன்று கிடக்கிறது, இடுப்பு அளவு சொல்.

வாடிப்பட்டி லெஃப்ட் ஆர்ம்:
28 சார். ஆனா நான் கொஞ்சம் உசரம்.