டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ் கேம் – வார்டனை (நம்ம கதாபாத்திரத்தை) மட்டும் ஓட்டணும், மத்த மூணு பேர் தானா சண்டை போட வைக்கிறது எப்படி?

சிட்டி_எல்ஃப்:
பிசியில, ஹார்ட் லெவல்ல ஆடுறேன். என் வார்டன் ஒரு எல்ஃப் ரோக் (பதுங்கிக் குத்துற ரகம்). கூட வீரன் அலிஸ்டர், மந்திரக்காரிகள் வின், மாரிகன். ரெண்டு விநாடிக்கு ஒருதடவை ஸ்பேஸ் தட்டி நிறுத்தி நாலு பேருக்கும் உத்தரவு போட்டுட்டே இருந்தா, நான் அந்த எல்ஃப்ங்கிற நினைப்பே போயிடுது. டாக்டிக்ஸ் (கூட்டாளி எப்ப என்ன செய்யணும்னு நாம எழுதி வைக்கிற வரிசை) போட்டும் வின் ஹீல் பண்ணவே மாட்டேங்கறா. அவ வரிசை:
1. எனிமி: நியரஸ்ட் → அட்டாக்
2. ஆலை (Ally, கூட்டாளி): ஹெல்த் 50%க்குக் கீழ் → ஹீல்
3. செல்ஃப்: எனி → ராக் ஆர்மர் (தற்காப்பு மந்திரம்)

மாரிகனோட ஃபயர்பால் (தீப்பந்து மந்திரம்) வேற அலிஸ்டரையே எரிக்குது.

கேடயக்காரன்:
முதல் வரிதான் வில்லங்கம். ஆட்டம் மேலிருந்து கீழே படிக்கும். முதல்ல பொருந்துற வரியைச் செஞ்சுட்டு மறுபடி மேலிருந்தே தொடங்கும். எதிரி ஒருத்தன் நின்னாலும் வரி 1 பொருந்திடும், ஹீல் வரைக்கும் இறங்கவே இறங்காது. அட்டாக்கைக் கடைசிக்குத் தள்ளுங்க. இப்படி வைங்க:
1. செல்ஃப்: ஹெல்த் 25%க்குக் கீழ் → ஹெல்த் போல்டிஸ் (ஹெல்த் ஏத்துற மருந்து), இருக்கறதுலயே சின்னது
2. ஆலை: 50%க்குக் கீழ் → ஹீல்
3. ஆலை: 75%க்குக் கீழ் → ரீஜெனரேஷன் (ஹீல் கூல்டவுன்ல, அதாவது மறுபடி போடக் காத்திருக்கும்போது, இது கைகொடுக்கும்)
4. செல்ஃப்: மானா (மந்திர சக்தி) 25%க்குக் கீழ் → லிரியம் போஷன் (மானா ஏத்துற மருந்து)
5. எனிமி: நியரஸ்ட் → அட்டாக்

போல்டிஸுக்கு 75% வைக்காதீங்க, பை காலியாயிடும். ராக் ஆர்மரை எடுத்துடுங்க. போட்டு வச்சிருக்கிற வரைக்கும் மானாவுல ஒரு பங்கைப் பிடிச்சு வச்சுக்கும், ஹீலுக்கு மிஞ்சாது. வரி பத்தலைன்னா வின்னுக்கு காம்பாட் டாக்டிக்ஸ் ஸ்கில்ல ஒரு பாயின்ட் போடுங்க.

இன்னொண்ணு: நீங்க செலக்ட் பண்ணி வச்சிருக்கிற ஆளுக்கு டாக்டிக்ஸ் ஓடாது. வின்னை க்ளிக் பண்ணி ஏதாவது சொன்னீங்கன்னா உடனே எஃப்1 தட்டி வார்டனுக்குத் திரும்பிடுங்க. இல்லாட்டி அவ சும்மா நிப்பா.

மூணாவது_மந்திரம்:
ஃபயர்பாலை டாக்டிக்ஸ்ல விடவே கூடாது. ஹார்ட்ல அது நம்ம ஆளு, எதிரி ஆளுன்னு பார்க்காது. கோன் ஆஃப் கோல்டும் அப்படித்தான், அலிஸ்டரையும் சேர்த்து உறைய வச்சிடும். மாரிகன் வரிசையில ஒத்தை ஆள் மேல விழுற மந்திரம் மட்டும் இருக்கட்டும்: எனிமி: டார்கெட் ஆஃப் வார்டன் → வின்டர்ஸ் கிராஸ்ப். நீங்க யாரைக் குத்துறீங்களோ அவனை அவ உறைய வைப்பா. வாய்திறந்து உத்தரவு போடாமலே கூட்டாளி புரிஞ்சுக்கிட்ட மாதிரி இருக்கும், நீங்க கேக்குற அந்த உணர்வு இங்கதான் கிடைக்கும். அலிஸ்டருக்கு எனிமி: அட்டாக்கிங் மாரிகன் → டான்ட் (எதிரியைத் தன் பக்கம் இழுக்கறது). ரெண்டு மந்திரக்காரிகளுக்கும் பிஹேவியர் ரேஞ்ச்ட் (தூர நின்னு அடிக்கறது). அக்ரெசிவ்னு விட்டா எதிரியைத் துரத்திட்டுப் போயிடுவாங்க.

ஆனா பெரிய சண்டையில முழுசா கையை எடுத்துட முடியாது. கூட்டமா நிக்கிறவங்க மேல முதல் ஃபயர்பாலை மட்டும், அலிஸ்டர் உள்ளே போறதுக்கு முன்னாடி, நீங்களே போட்டுட்டு வார்டனுக்கு வந்துடுங்க. (இதே ஆசையோட பால்டர்ஸ் கேட் 3 கேம் பக்கம் போகாதீங்க, அங்க கூட்டாளிங்க ஒவ்வொரு முறையும் நம்ம கைக்காகத்தான் காத்திருப்பாங்க.)

சிட்டி_எல்ஃப்:
ஹீல் ஓடுது, நன்றி! ஸ்டெல்த்ல (பதுங்கி) முன்னாடி போனா மூணு பேரும் பின்னாடியே வந்து காட்டிக் கொடுக்கறாங்களே?

கேடயக்காரன்:
கிளம்பறதுக்கு முன்னாடி ஹெச் தட்டுங்க, நின்ன இடத்துலயே நிப்பாங்க. முதுகுல முதல் குத்து விழுந்ததும் மறுபடி ஹெச். மறந்தா அலிஸ்டர் வாசல்லயே நிப்பான், நீங்க தனியா அடி வாங்குவீங்க. புது மந்திரம் கத்துக்கிட்டா நீங்க திருத்தின வரிசையில அது தானா சேராது. லெவல் ஏறின கையோட டாக்டிக்ஸைத் திறந்து சேர்த்துடுங்க.