நடவுப் படங்களை ஸ்டாக் தளங்களில் விற்பது பற்றி

கேள்வி (வெண்ணாற்றங்கரை)

வணக்கம். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறேன். பெரிய கோயில் விமானம், குறுவை நடவு, அம்மா கோலம் போடும் கை, பணம் வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்த சில திருமணங்கள் எனப் பல ஆண்டுப் படங்கள் என்னிடம் இருக்கின்றன. இவற்றை ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் போன்ற, படங்களைப் பயன்படுத்தும் உரிமத்தை விற்றுத் தரும் ஸ்டாக் தளங்களில் விற்க விரும்புகிறேன். நடவு நடுகிறவர்கள் எல்லாம் எங்களுக்கு அத்தை, பெரியம்மா முறை. அவர்களிடம் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கையெழுத்து இல்லாமல் விற்க வழி உண்டா? வருமானம் எவ்வளவு வரும்?

பதில் (பழைய லென்ஸ்)

முகம் அடையாளம் தெரிகிற படத்தை விளம்பரத்துக்கு விற்க, அவர் கையெழுத்திட்ட மாடல் ரிலீஸ், அதாவது ஒப்புதல் படிவம், கட்டாயம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவராக இருந்தால் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். அது இல்லாத படத்தைச் செய்தி, கட்டுரைப் பயன்பாட்டுக்கான எடிட்டோரியல் பிரிவில் தரலாம்.

கையெழுத்து மட்டும் போதாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வரப்பில் உட்கார்ந்து துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்த என் சித்தப்பாவின் படத்தை, படிவத்தைப் படித்துக் காட்டாமலே கையெழுத்து வாங்கி ஏற்றிவிட்டேன். ஓராண்டு கழித்து ஒரு கடன் விளம்பரத்தில் அந்த முகம் வந்தது. "நான் யார்கிட்டடா கடன் பட்டேன்?" என்று அவர் கேட்டபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. படத்தை அன்றே நீக்கினேன். ஆனால் ஏற்கெனவே விற்றுப்போன உரிமம் நீக்குவதால் ரத்தாவதில்லை. ஆகவே கூச்சப்பட்டாலும் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லுங்கள்.

வருமானம் குறைவுதான். ஷட்டர்ஸ்டாக்கில் விற்பனைத் தொகையில் நமக்கு வரும் பங்கு, விற்பனை கூடக்கூடப் படிப்படியாக ஏறி, 15 முதல் 40 விழுக்காடு வரை. ஏறிய படியெல்லாம் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று மீண்டும் முதல் படிக்கு வந்துவிடும், சந்தாதாரர் ஒருவர் படத்தைப் பதிவிறக்கினால் 10 சென்ட் மட்டுமே கிடைப்பதும் உண்டு. அடோபியில் படங்களுக்கு 33 விழுக்காடு. தளம் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். இல்லையேல் அமெரிக்க விற்பனையில் 15 விழுக்காட்டுக்குப் பதில் 30 விழுக்காடு வரி பிடிப்பார்கள்.

பதில் (மூன்றாம் பிறை)

திருமணப் படங்களைத் தொடவே வேண்டாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர்.

பெரிய கோயில் விமானம் தளங்களில் குவிந்து கிடக்கிறது. என்னிடம் அதிகம் விற்றது, அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கும் கைகள்தான். முகம் இல்லை, பின்னணியில் எழுத்தோ முத்திரையோ இல்லை. உங்கள் அம்மாவின் கோலக் கையும் அப்படிப்பட்ட படம், அதிலிருந்து தொடங்குங்கள்.

வெண்ணாற்றங்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிவத்தை வரிவரியாகச் சொன்னேன். "யார் வேணும்னாலும் வாங்கலாம்னா என் மூஞ்சி வேண்டாம் தம்பி, கை இருக்கிறதைப் போட்டுக்கோ" என்றார். முகம் தெரிந்த பதினோரு படங்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். நாற்று முடியைப் பிரிக்கும் அவர் கையின் படத்தை இன்று ஏற்றுகிறேன். பிளாஸ்டிக் வளையலில் ஒட்டியிருக்கும் சேறுகூட அதில் தெளிவாக விழுந்திருக்கிறது.