இடுப்பு வலி ட்ரையல்: இரண்டு குரூப்பிலும் வலி குறைகிறது, டிசைனை எப்படி மாற்றுவது?

பிசியோ_நெல்லை:
எம்.பி.டி. (பிசியோதெரபி முதுகலை) தீசிஸுக்கு நாள்பட்ட இடுப்பு வலியை எடுத்திருக்கிறேன். ஒரு குரூப்புக்கு ஐ.எஃப்.டி.யோடு (வலிக்கு மின்சாரம் செலுத்தும் சிகிச்சை) மோட்டார் கண்ட்ரோல் பயிற்சி (முதுகைத் தாங்கும் தசைகளைக் கட்டுப்படுத்தப் பழக்குவது), மற்றதற்கு ஐ.எஃப்.டி. மட்டும். குரூப்புக்கு 15 பேர், 4 வாரம், முக்கிய அளவுகோல் ஓ.டி.ஐ., அதாவது வலி அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது என்று கேட்கும் படிவம். துறையில் உள்ள பழைய தீசிஸ்களைப் புரட்டினால் இரண்டு குரூப்பிலும் வலி குறைகிறது, இரண்டிலும் பெயர்டு டி டெஸ்ட் (அதே ஆட்களின் முன்-பின் ஒப்பீடு) சிக்னிஃபிகன்ட். கண்ட்ரோல் குரூப்பில் குறைவதைத் தடுக்க வழி உண்டா? 15 பேர் போதுமா? ஓ.டி.ஐ.யின் 8ஆம் பகுதியை (பாலியல் வாழ்க்கை) பலர் நிரப்பாமல் விடுகிறார்கள். அதற்கு மார்க் எப்படிப் போடுவது?

எண்ணிக்கை:
தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். இடுப்பு வலி ஏறி இறங்கும் வலி. உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் ஓ.பி.க்கு வருவார், அன்றே ட்ரையலில் சேர்ப்போம். அடுத்த மாதம் எதுவும் செய்யாவிட்டாலும் வலி கொஞ்சம் இறங்கியிருக்கும். வாரம் மூன்று முறை ஒருவர் உட்கார்ந்து கேட்டு, தொட்டுப் பார்த்து அனுப்புவதும் இதில் சேரும். 2014இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ட்ரையலில், புதிதாக வந்த இடுப்பு வலிக்குப் பாராசிட்டமால் எடுத்தவர்கள் குணமாக 17 நாள், பிளாசிபோ (மருந்தில்லாத போலி மாத்திரை) எடுத்தவர்களுக்கு 16 நாள். 2024 டிசம்பரில் வந்த சுசெட்ரிஜின் என்ற வலி மருந்தின் இரண்டாம் கட்ட முடிவும் இதே பாடம்தான். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலியில் மருந்துக்கு 2.02 புள்ளி இறக்கம், பிளாசிபோவுக்கு 1.98. மருந்துப் பக்கத்தை மட்டும் பார்த்தால் வெற்றி போலத்தான் தெரியும்.

அதனால் குரூப்புக்குள் போடும் பெயர்டு டி டெஸ்டை விட்டுவிடுங்கள். அது உங்கள் கேள்விக்கு விடையே இல்லை. இரண்டு குரூப்புக்கும் இடையிலான வித்தியாசம், அதன் 95% கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை), இவைதான் முடிவு.

சாம்பிள் சைஸுக்கு வருவோம். ஓ.டி.ஐ.யில் 10 புள்ளிதான் நோயாளிக்கு உணரக்கூடிய வித்தியாசம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். எஸ்.டி. (ஆளுக்கு ஆள் மதிப்பெண் சிதறல்) 15, பவர் (உள்ள வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) 80%, ஆல்ஃபா (இல்லாத வித்தியாசத்தை உண்டென்று சொல்லிவிடும் வாய்ப்பு) 0.05 என்று வைத்தால் குரூப்புக்கு 36. இருபது சதவீதம் பேர் பாதியில் நிற்பார்கள் என்று சேர்த்தால் 45, மொத்தம் 90. நீங்கள் சொல்லும் 15 பேரை வைத்துப் பிடிக்கக்கூடிய வித்தியாசம் ஏறக்குறைய 15 புள்ளி. எந்தப் பயிற்சியும் இன்னொரு சிகிச்சையைவிட அவ்வளவு கூடுதலாகத் தருவது அபூர்வம்.

பிசியோ_நெல்லை:
நன்றி சார். 90 பேரை ஒரு வருடத்தில் சேர்ப்பது எங்கள் ஓ.பி.யில் கஷ்டம்.

எண்ணிக்கை:
ஆன்கோவா போடுங்கள், தொடக்க ஓ.டி.ஐ.யை கோவேரியட்டாக வைத்து, அதாவது ஒவ்வொருவரின் ஆரம்ப மதிப்பெண்ணையும் கணக்கில் எடுத்து. முன்-பின் தொடர்பு 0.5 என்றால் தேவை கால்வாசி குறையும். குரூப்புக்கு 27, டிராப் அவுட் சேர்த்து 34. மொத்தம் 68. இதற்குக் கீழே இறங்க வேண்டாம். முடியாவிட்டால் ஃபீசிபிலிட்டி ஸ்டடி (செய்ய முடியுமா என்று பார்க்கும் சிறு ஆய்வு) என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை.

கவர்_எண்_12:
எண்ணிக்கையைவிட டிசைனில் பெரிய ஓட்டை இருக்கிறது தம்பி. ஒரு பக்கம் ஐ.எஃப்.டி. மட்டும், மறுபக்கம் ஐ.எஃப்.டி.யும் பயிற்சியும். அதாவது ஒரு குரூப்புக்கு 20 நிமிடம், மற்றதற்கு 50 நிமிடம். பயிற்சிக் குரூப் ஜெயித்தால் அது பயிற்சியா, கூடுதல் 30 நிமிடக் கவனிப்பா? கண்ட்ரோல் குரூப்புக்கும் அதே 30 நிமிடம் பொதுவான ஸ்ட்ரெச்சிங்கோ நடைப்பயிற்சியோ கொடுங்கள். கேள்வி அப்போதுதான் சுத்தமாகும்.

ரேண்டமைசேஷனில் (யார் எந்தக் குரூப் என்று சீட்டுப்போட்டுப் பிரிப்பதில்) பிளாக் சைஸை, அதாவது எத்தனை பேருக்கு ஒருமுறை இரண்டு குரூப்பும் சமமாக வேண்டும் என்பதை, எப்போதும் 4 என்று வைக்காதீர்கள். முதல் மூன்று பேர் எங்கே போனார்கள் என்று தெரிந்தால் நான்காவது ஆள் எங்கே என்பது சொல்லாமலே தெரிந்துவிடும். தெரிந்ததும், "இவர் நல்லா ஒத்துழைப்பார்" என்று தோன்றும் ஆளை பயிற்சிக் குரூப் சீட்டு வரும்வரை காக்க வைக்கத் தோன்றும். 4, 6 கலந்து போடுங்கள். பட்டியலை ட்ரையலில் இல்லாத ஒருவர் கம்ப்யூட்டரில் தயாரிக்கட்டும். குரூப் சீட்டை வைத்து ஒட்டும் கவர் பழுப்பு நிறமாக இருந்தாலும் ட்யூப் லைட்டுக்கு எதிரே பிடித்தால் எழுத்து தெரியும், ஆகவே உள்ளே அலுமினியம் ஃபாயில். சீட்டின் மேல் ஒரு கார்பன் தாள். நோயாளி பெயரையும் தேதியையும் கவரின் வெளியே எழுதினால் சீட்டிலும் பதியும், பிறகு பிரிக்கலாம். பின்னால் யாரும் கவரை மாற்ற முடியாது.

ஓ.டி.ஐ. 8ஆம் பகுதி: விட்டிருந்தால் பூஜ்யம் போடக் கூடாது. பத்துப் பகுதி, தலா 5, மொத்தம் 50. ஒன்று விட்டால் 45ஆல் வகுங்கள். ஒருவர் 16 எடுத்திருந்தால் 16/45, அதாவது 35.6%. ஐம்பதால் வகுத்தால் 32% ஆகிவிடும். முதல் நாள் நிரப்பி, கடைசி நாள் விட்டவருக்கு இந்த மூன்றரைப் புள்ளி சும்மாவே "முன்னேற்றம்" ஆகிவிடும். தமிழ் வடிவம் சரிபார்க்கப்பட்டு 2014இல் வெளியாகியிருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். சொந்தமாக மொழிபெயர்க்க வேண்டாம். ஆளிடம் கொடுத்துத் தனியாக உட்கார்ந்து நிரப்பச் சொல்லுங்கள். வாய்விட்டுப் படித்துக் கேட்டால் 8ஆம் பகுதி நிச்சயம் காலிதான். அளவெடுப்பவருக்குக் குரூப் தெரியக் கூடாது. நோயாளியிடமும், "என்ன சிகிச்சைன்னு உள்ளே சொல்லாதீங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புங்கள்.

ஸ்க்ரீனிங்_டெஸ்க்:
இரண்டு விஷயம் விடுபட்டிருக்கிறது. நம் ஊரில் நாள்பட்ட இடுப்பு வலி என்று வருபவர்களில் முதுகெலும்பு டி.பி. ஒளிந்திருக்கலாம். மாலைக் காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி வலி இருந்தால் ட்ரையலில் சேர்க்காமல் ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புங்கள். சிறுநீர் அடைப்போ, உட்காரும் இடத்தில் மரத்துப்போவதோ இருந்தால் அன்றே எமர்ஜென்சி.

அடுத்தது சி.டி.ஆர்.ஐ. (இந்திய ட்ரையல் பதிவேடு) பதிவு. 2018 ஏப்ரல் 1இலிருந்து, முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பதிய வேண்டும், பிறகு ஏற்க மாட்டார்கள். கட்டணம் கிடையாது. எத்திக்ஸ் கமிட்டி கடிதம் வந்த அன்றே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள், திருத்தம் கேட்டுத் திரும்பி வர நாளாகும்.

பிசியோ_நெல்லை:
4 வாரத்தை 12 வாரமாக்கலாமா?

கவர்_எண்_12:
சிகிச்சை 4 வாரமே இருக்கட்டும், அளவை 4ஆம் வாரமும் 12ஆம் வாரமும் எடுங்கள். முக்கிய முடிவு எது என்று பதிவிலேயே எழுதுங்கள், நான் 12ஐச் சொல்வேன். 2024இல் வந்த வாக்பேக் ட்ரையலில் சிட்னிக்காரர்கள் இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேரை ஒரு வருடத்துக்குக் குறையாமல் தொடர்ந்தார்கள். நடைப்பயிற்சிக் குரூப்பில் வலி திரும்ப மீடியன் (நடு அளவு) 208 நாள், மற்றதில் 112. நான்கு வாரத்தில் நிறுத்தியிருந்தால் அந்த வித்தியாசம் கண்ணில் பட்டிருக்காது. டிராப் அவுட்டைக் குறைக்க இரண்டாவது போன் நம்பரை, வீட்டில் இன்னொருவருடையதை, முதல் நாளே வாங்கிவையுங்கள்.