யார்டு சாப்ட்வேருக்கு ஹாஸ்கெல்லா, ஓகேமலா? லேசி இவாலுவேஷன் வரமா வம்பா?

மணலி_யார்டு:
மணலியில ஒரு கன்டெய்னர் யார்டுக்கு சாப்ட்வேர் எழுதுறோம். டிரெய்லர் கேட்ல நுழையுறது, பெட்டி இறங்குறது, கஸ்டம்ஸ் நிறுத்தி வைக்கிறது, பெட்டி வெளியே போறது எல்லாம் வரி வரியா லாக்ல விழும். இப்ப இருக்கிறது பைத்தான். இஃப்-எலிஃப் நீண்டுக்கிட்டே போய் யாருக்கும் தலைகால் புரியல. ஃபங்ஷனல் மொழிக்கு மாறலாம்னு பேச்சு. ஒருத்தர் ஹாஸ்கெல்ங்கிறார், இன்னொருத்தர் ஓகேமல்ங்கிறார். ரெண்டுலயும் பேட்டர்ன் மேட்சிங் (மதிப்போட வடிவத்தைப் பார்த்து எந்த கேஸ்னு பிரிக்கிறது) இருக்கு. ஹாஸ்கெல்ல எல்லாமே லேசி, அதாவது விடை தேவைப்படுற வரைக்கும் எதையும் கணக்குப் போடாது. அது எங்களுக்குத் தேவையா?

கொருக்குப்பேட்டை_கேட்:
தேவையே இல்ல. நிகழ்வுகளை ஒரு டைப்பா அறிவிச்சிடுங்க: நுழைவு, இறக்கம், நிறுத்தம், வெளியேற்றம். நிறுத்தம்னா கூடவே காரணம், வெளியேற்றம்னா டிரெய்லர் நம்பர். நாளைக்கு ரீஃபர் (குளிர்சாதன) பெட்டிக்கு கரண்ட் கொடுத்ததும் ஒரு நிகழ்வுன்னு சேருதுன்னு வைங்க. டைப்புல ஒரு வரி சேர்த்ததும், அதைக் கண்டுக்காத ஒவ்வொரு மேட்சையும் ஓகேமல் கம்பைலர் வரி நம்பரோட காட்டிக்கொடுக்கும். பில்லிங்ல விட்டுப்போச்சுன்னு கஸ்டமர் போன் பண்ணித் தெரிஞ்சிக்க வேண்டாம். லேசியா இருக்கிறதால இதுல பைசா லாபம் கிடையாது.

ஒண்ணு மட்டும்: கடைசியில அடிக்கோடு போட்டு 'மத்ததெல்லாம்'னு ஒரு கேஸ் எழுதாதீங்க. எழுதினா புது நிகழ்வு அதுல போய் விழுந்துடும், கம்பைலர் வாயே திறக்காது.

தண்டையார்பேட்டை_லாம்டா:
அண்ணே, பேட்டர்ன் மேட்சையும் லேசியையும் தனித்தனிப் பொருள் மாதிரி பேசுறீங்க. ஹாஸ்கெல்ல ஒரு மதிப்பை எப்போ, எவ்வளவு ஆழம் கணக்குப் போடணும்னு முடிவு பண்றதே பேட்டர்ன் மேட்ச்தான். ரெண்டு லிஸ்ட்டை ஜோடி ஜோடியா சேர்க்கிற ஜிப் ஃபங்ஷனைப் பாருங்க. முதல் லிஸ்ட் காலின்னா ரெண்டாவதைத் தொடாமலே காலி லிஸ்ட் தரும். ரெண்டாவது இடத்துல அன்டிஃபைன்டு (தொட்டாலே எர்ரர் தர்ற மதிப்பு) வெச்சாலும் வெடிக்காது. இடம் மாத்தி வைங்க, வெடிக்கும். முதல் வரியோட பேட்டர்ன் முதல் ஆர்க்யுமென்டைத்தான் திறந்து பார்க்குது.

இதனால என்ன லாபம்? மொத்த லாக்கையும் நிகழ்வுகளா உடைச்சுத் தர்ற ஃபங்ஷன் ஒண்ணு, 'முதல் கஸ்டம்ஸ் நிறுத்தம் எது'ன்னு தேடுற ஃபங்ஷன் ஒண்ணு. ரெண்டுக்கும் ஒண்ணையொண்ணு தெரியாது. சேர்த்து ஓட்டினா, நிறுத்தம் கிடைச்ச இடத்துலயே உடைக்கிற வேலையும் நின்னுடும். ஃபங்ஷனல் புரோகிராமிங் ஏன் முக்கியம்னு ஜான் ஹியூஸ் எழுதின 1989 கட்டுரையில வாதாடினது இதுக்குத்தான்.

கொருக்குப்பேட்டை_கேட்:
தம்பி, ஜிப் எனக்குத்தான் சாட்சி சொல்லுது. உள்ளே பேட்டர்னை எந்த வரிசையில எழுதியிருக்காங்கன்னு பார்த்தாதான் வெளியே இருக்கிறவனுக்கு எது வெடிக்கும்னு தெரியும்னா, அது என்ன 'ஒண்ணையொண்ணு தெரியாத' பிரிப்பு?

மெமரிக்கு வா. ஃபோல்ட்எல் (லிஸ்ட்டை இடமிருந்து ஒண்ணொண்ணா சேர்க்கிற ஃபங்ஷன்) போட்டு எல்லாப் பெட்டி எடையையும் கூட்டச் சொல்லு. எதையும் கூட்டாம, 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு தங்க் (தள்ளிப்போட்ட கணக்கு) பின்னாடி தங்க் சேரும், துறைமுகத்து ஜீரோ கேட் நகராத நாள்ல எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல டிரெய்லர் நிக்கிற மாதிரி. கடைசியில யாரோ விடையைக் கேட்டதும்தான் மொத்தமும் ஓடும்.

தண்டையார்பேட்டை_லாம்டா:
ஆப்டிமைசேஷன் போட்டு கம்பைல் பண்ணினா ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஎச்சியோட ஸ்ட்ரிக்ட்னெஸ் அனாலிசிஸ் (எதை உடனே கணக்குப் போடலாம்னு பார்க்கிற வேலை) அந்தக் கூட்டலைப் பிடிச்சுடும். இல்லன்னா ஒத்தைக்குறி போட்ட ஃபோல்ட்எல் (foldl') இருக்கு, அது ஒவ்வொரு படியிலயும் உடனே கூட்டிடும். 2024-ல வந்த ஜிஎச்சி 9.10-லேர்ந்து அது பிரிலூட்லயே கிடைக்குது, இம்போர்ட்கூட வேணாம்.

கொருக்குப்பேட்டை_கேட்:
எண்ணிக்கையும் எடையும் ஒரு ஜோடியா சேர்த்துக்கிட்டே போனா? ஒத்தைக்குறிக்காரர் ஜோடியோட வெளி ஓட்டை மட்டும்தான் திறப்பார். உள்ளே ரெண்டு எண்ணும் தங்க்காவே கிடக்கலாம். அதுக்கு 'உள்ளே இருக்கிறதையும் உடனே கணக்குப் போடு'ன்னு ஆச்சரியக்குறி போடணும். எங்கெங்க போடணும்னு பழகுறதுக்குள்ள ஆள் பேப்பர் போட்டுட்டுப் போயிடுவான்.

மூலக்கொத்தளம்_மாட்யூல்:
இன்னாபா, எடை கூட்டுறதுலயே நிக்கிறீங்க! அவர் கையில கீறது லாக் ஃபைல். ஹாஸ்கெல்ல பழைய ஸ்ட்ரிங் வழியில படிச்சா படிக்கிறதும் லேசி. வித்ஃபைல் (ஃபைலைத் திறந்து, வேலை முடிஞ்சதும் மூடுற ஃபங்ஷன்) உள்ளே உள்ளடக்கத்தை வாங்கி, வெளியே வந்து மேட்ச் பண்ணுங்க: அப்பதான் படிக்கவே ஆரம்பிக்கும், அதுக்குள்ள ஃபைலை மூடியாச்சு. எர்ரர்தான் மிஞ்சும். டெக்ஸ்ட் லைப்ரரியில ஸ்ட்ரிக்டா (தள்ளிப்போடாம உடனே) படிக்கிற ரீட்ஃபைல் கீது, அதை எடுத்துக்கோங்க.

அப்பால, விட்டுப்போன கேஸுக்கு வார்னிங் ஓகேமல்ல சும்மாவே வரும். ஜிஎச்சியில வால் (-Wall) ஃபிளாக் போட்டாத்தான் வரும். லாம்டா தம்பி கேட்குற 'பாதியில நிக்கிற' சமாச்சாரத்துக்கு ஓகேமல்லயும் லேசி கீவேர்டு இருக்கு, பேட்டர்ன் உள்ளேயே அதை எழுதலாம். 4.07-லேர்ந்து, கேட்கக் கேட்க ஒண்ணொண்ணா தர்ற சீக் மாட்யூலும் இருக்கு. வேணும்ற இடத்துல மட்டும் லேசி. ஹாஸ்கெல் சாயல்ல வந்த பியூர்ஸ்கிரிப்ட், இட்ரிஸ் ரெண்டுமே ஸ்ட்ரிக்டாத்தானே வந்துச்சு?

தண்டையார்பேட்டை_லாம்டா:
வந்துச்சு. ஆனா ஃபங்ஷன் சத்தமில்லாம வெளியே எதையும் மாத்தாதுங்கிற அந்தத் தூய்மையை யார்கிட்டேர்ந்து எடுத்தாங்க? எப்போ ஓடும்னே தெரியாத கோடுக்குள்ள பிரிண்ட் போட முடியாது. அதனாலதான் ஹாஸ்கெல் சைட் எஃபெக்ட்டை டைப்புக்குள்ள அடைக்க வேண்டி வந்துச்சு. லேசியா இருந்ததுதான் மொழியைத் தூய்மையா வெச்சிருந்ததுன்னு, ஹாஸ்கெல்லை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான சைமன் பெய்டன் ஜோன்ஸ் 2003-லயே ஒரு உரையில சொல்லிட்டார். உங்க ஓகேமல்ல கட்டணம் கணக்குப் போடுற ஃபங்ஷன் உள்ளே எவனாவது டேட்டாபேஸ்ல எழுதினா டைப்பைப் பார்த்துக் கண்டுபிடிங்க பார்ப்போம்.

மணலி_யார்டு:
மேனேஜர் கேட்கிறார்: 2021-ல வந்த பைத்தான் 3.10-லயே மேட்ச் இருக்கே, ஏன் மாறணும்?

கொருக்குப்பேட்டை_கேட்:
எந்த கேஸும் பொருந்தலைன்னா பைத்தான் சத்தமில்லாம அடுத்த வரிக்குப் போயிடும். மைபை மாதிரி டைப் செக்கர் வெச்சு, அசெர்ட் நெவர் ('இங்கே வரவே கூடாது'ங்கிற வரி) எழுதினா விட்டுப்போனதைப் பிடிக்கலாம். ஆனா அதை ஒவ்வொரு மேட்சுலயும் ஞாபகமா எழுதணும். ஓகேமல்ல டூன்ங்கிற பில்டு டூல் போட்டு பில்டு பண்ணினா, டெவ் புரொஃபைல்ல (டெவலப்மென்ட் அமைப்புல) விட்டுப்போன கேஸ் வார்னிங்காகூட வராது, நேரா எர்ரர்தான். பில்லிங்கை மட்டும் முதல்ல எழுதிப் பாருங்க.

தண்டையார்பேட்டை_லாம்டா:
பில்லிங் எழுதுங்க அண்ணே, வேணாம்னு சொல்லல. டேட்டாபேஸ் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரல.